மைனஸ் 325 பேர்

முதல் வருடம் தொற்றுநோய் பரவலைக் கணக்கிட கெர்மாக், மெக்கென்ட்ரிக் 1927இல் தந்த கணித மாதிரியைக் கரும்பலகையில் எழுதி, வளைகோட்டையும் நானே வரைந்து காட்டினேன். எல்லாரும் அழகாகக் குறித்துக்கொண்டார்கள். ஒரு கேள்விகூட வரவில்லை. அதுதான் உறுத்தியது.

அடுத்த முறை கணக்கை மாணவர்கள் கையிலேயே கொடுத்துவிட்டேன். 1978இல் இங்கிலாந்தின் ஓர் உறைவிடப் பள்ளியில் ஃப்ளூ பரவியது. 763 சிறுவர்களில் 512 பேர் படுக்கையில் விழுந்தார்கள். பீட்டா (யாருக்கும் இன்னும் தொற்றாத நிலையில் ஒரு நோயாளி ஒரு நாளில் எத்தனை பேருக்குப் பரப்புவார் என்பது) 1.66, காமா (நோயாளிகளில் ஒரு நாளில் குணமாகும் பங்கு) 0.44, தொடக்கத்தில் ஒரே ஒரு நோயாளி; கால்குலேட்டரில் நாளுக்கு நாள் போட்டுக்கொண்டே போங்கள் என்றேன்.

ஒரு பையனுக்குச் சோம்பல். மூன்று நாளை ஒரே தாவாகத் தாவினான். 15ஆம் நாளில் அவனுடைய தாளில் தொற்றாதவர்கள் மைனஸ் 325! "பிறக்காத பசங்களுக்கும் காய்ச்சலா சார்?" என்று பின்வரிசையில் ஒரே சிரிப்பு.

அந்தத் தாளையே எடுத்துக்கொண்டேன். 12ஆம் நாளில் தொற்றாமல் மிச்சம் 235 பேர், படுக்கையில் 365 பேர். அன்றைய வேகம் மூன்று நாளும் குறையாமல் ஓடினால் புதிதாக 560 பேருக்குத் தொற்ற வேண்டும். ஆள் எங்கே இருக்கிறார்கள்? ஆள் குறையக் குறைய வேகமும் குறையும். இவன் அதை மூன்று நாளுக்கு உறைய வைத்துவிட்டான். வகைக்கெழு என்பது அந்தக் கணத்து வேகம் என்று நான் வருடக்கணக்காகச் சொல்லியும் ஏறாதது அன்று ஏறியது.

அப்புறம்தான் நல்ல கேள்வி வந்தது: "இன்னும் 200 பேர் பாக்கி இருக்கும்போதே நோயாளிகள் ஏன் குறைய ஆரம்பிக்கிறார்கள்?" 0.44ஐ 1.66ஆல் வகுத்து 763ஆல் பெருக்கச் சொன்னேன். 202 வந்தது. தொற்றாதவர்கள் அதற்குக் கீழே போனால், ஒரு நோயாளி குணமாவதற்குள் சராசரியாக ஒருவருக்குக்கூடப் பரப்புவதில்லை.

* * *

எனக்குக் காமாவில்தான் தகராறு. 1ஐ 0.44ஆல் வகுத்தால் 2.27; அதனால் எல்லாரும் சரியாக 2.27ஆம் நாளில் எழுந்துவிடுவார்கள் என்றே மாணவர்கள் நினைத்தார்கள். சராசரி என்று எத்தனை தடவை சொன்னாலும் சரி, பயனில்லை. கடைசியில் ஆளுக்கொரு பகடை கொடுத்து, 6 விழுந்தால் குணம் என்றேன். சராசரி 6 உருட்டல்தான். ஆனால் சிலர் முதல் உருட்டலிலேயே குணமாகி உட்கார்ந்துவிட்டார்கள். ஒரு பெண்ணுக்கு 16 தடவை உருட்டியும் 6 விழவில்லை. வருடக் கடைசி வரை வகுப்பே அவளைப் பார்த்து "இன்னும் ஜுரம் விடலையா?" என்று கேட்டுக்கொண்டிருந்தது.