கோர்ட்டு வாசல்ல குண்டு: கிட்ட நின்னவங்க சொல்லுங்க

செங்கோட்டையான்:
கொல்லம் கலெக்டரேட்டு குண்டுவெடிப்பு எத்தன பேருக்கு ஞாபகம் இருக்குன்னு தெரியல. 2016 ஜூன் 15. அன்னைக்கு நான் அங்கன நின்னேன், அதான் எழுதுதேன்.

அண்ணன் ஓட்டுன மினி லாரி தென்மலைப் பக்கம் ஒரு பைக்கத் தட்டிட்டு. அடிபட்டவர் கொல்லத்துக்காரர், அங்கயே நஷ்டஈடு கேட்டு கேஸ் போட்டுட்டார். ஆர்.சி. என் பேர்ல கிடந்ததால வாய்தாவுக்கு வாய்தா நான்தான் அலையணும். அப்ப ரயிலும் கிடையாது பாத்துக்கிடுங்க. அகலப்பாதை போடுதோம்னு 2010ல மூடுனத 2018லதான் திறந்தாங்க. ஆரியங்காவு, புனலூர், கொட்டாரக்கரைன்னு பஸ்ஸுல உருண்டு போவணும். ஒரு வாய்தான்னா ஒரு நாள் காலி. அந்தப் பக்கத்துச் சோறு எனக்கு இறங்காது. அதனால வீட்டுல எலுமிச்ச சாதமும் பொரிகடலத் துவையலும் எவர்சில்வர் டப்பாவுல வச்சுக் குடுத்துருவா.

கோர்ட்டு கலெக்டரேட்டு வளாகத்துக்குள்ளதான். பதினோரு மணி ஆகல, டவாலி இன்னும் பேர் கூப்பிட ஆரம்பிக்கல. டமார்னு ஒரு சத்தம். எவனோ லாரி டயர் போயிட்டுன்னுதான் நான் நெனச்சேன், தொழில் புத்தி. அப்புறம் ஒரு வாசம் வந்துது. தீபாவளிக்கு மறுநாள் காலைல தெருவுல அடிக்குமே, அதே வாசம். ஆளுங்க ஓடுதாங்க, கேஸ் கட்டெல்லாம் படியில சிதறிக் கிடக்கு. ஓட்டமில்லாம சும்மா நின்ன பழைய ஜீப்பு ஒண்ணுல வச்சிருக்கானுவ. ஒருத்தருக்குக் காயம். உயிர் எதுவும் போகல, நல்ல காலம்.

கதை அதுக்கப்புறம்தான். குண்ட ஸ்டீல் டிபன் பாக்ஸுலதான் வச்சிருந்தாங்கன்னு கொஞ்ச நேரத்துல பேச்சு பரவிட்டு. பெஞ்சுல என் பக்கத்துல இருந்த டப்பாவ ஒரு அம்மா பாத்துது. எந்திரிச்சுது. அது எந்திரிச்சதும் பெஞ்சே காலி. ஒரு போலீஸ்காரர் பத்தடி தள்ளி நின்னுட்டு "இது ஆருடெ?"ங்காரு. என்னுதுன்னேன். தொறங்கன்னாரு. பாத்துக்கிடுங்க, அன்னைக்குன்னு பாத்து மூடி இறுகிப் போச்சு! கை வேற நடுங்குது, வேட்டி முனைய வச்சுத் திருகுதேன், வரமாட்டேங்கு. தொறந்ததும் போலீஸ்காரர், ரெண்டு வக்கீல், டவாலி எல்லாரும் தலைய நீட்டி எலுமிச்ச சாதத்தப் பாத்தாங்க. ஒருத்தரும் சிரிக்கல. நானும் அன்னைக்கு அதச் சாப்பிடல.

நவம்பர்ல மதுரைல வச்சு என்.ஐ.ஏ.ன்னு சொல்லுத தேசியப் புலனாய்வு முகமை ஆளுங்களப் புடிச்சாங்க. பேஸ் மூவ்மெண்ட்டுன்னு பேர் வச்சுக்கிட்டு அதே வருசம் சித்தூர், கொல்லம், மைசூர், நெல்லூர், மலப்புரம்னு வரிசையா கோர்ட்டு வளாகமாப் பாத்து வச்ச கூட்டம். அடுத்த வாய்தாவுக்குப் போனேன். பெஞ்சுல ஒருத்தர் கேட்டார், "மதுரையோ?" இல்லைங்க, செங்கோட்டை, இந்தா மலைக்கு அந்தப் பக்கம்னேன். "எல்லாம் ஒண்ணுதான"ன்னு கொஞ்சம் தள்ளி உக்காந்தார். 2024 நவம்பர்ல கொல்லம் செஷன்ஸ் கோர்ட்டுதான் மூணு பேருக்கு ஆயுள் தண்டனை குடுத்துது. அந்தச் செய்தியப் படிக்கும்போது தண்டனையெல்லாம் மனசுல நிக்கல. அந்த மூடிதான் நின்னுது.

மேலப்பாளையத்தான்:
அண்ணாச்சி, உங்களுக்கு ஒரு டப்பா, எங்களுக்கு ஒரு கத்தரி.

எங்க உம்மா நாப்பது வருசமா பீடி சுத்துனவங்க. பி.எஃப். பாக்கி விசயமா ஒரு கோர்ட்டுக்குக் கூட்டிட்டுப் போனேன். எந்த ஊருன்னு வேண்டாம். மைசூர் குண்டு வெடிச்ச அடுத்த வாரம். வாசல்ல பேர் எழுதச் சொன்னாங்க, எழுதுனேன். அதுவரைக்கும் பையத் தொட்டுப் பாத்து அனுப்பிட்டிருந்த ஏட்டு, எங்க பைய மட்டும் மேசையில கவுத்திட்டாரு. ரேசன் கார்டு, வெத்தல, பாஸ்புக்கு, அதோட பீடி இல வெட்டுற கத்தரி. உம்மாவுக்கு அது கை மாதிரி, எங்க போனாலும் பையில கிடக்கும். பிடியில துணி சுத்தி, அந்தத் துணி கறுத்து வழுவழுன்னு இருக்கும். போகும்போது வாங்கிக்கோங்கன்னு எடுத்து வச்சுக்கிட்டாங்க. நாலு மணிக்கு வந்து கேட்டா டூட்டி மாறிட்டு. "எந்தக் கத்தரி?"ங்கிறாரு புது ஆளு.

சோதனை வேண்டாம்னு நான் சொல்லல. எனக்கும் உயிர் இருக்கு. ஆனா நாங்க நின்ன அரைமணி நேரத்துல கறுப்புக் கோட்டு போட்ட காரு பத்துப் பதினஞ்சு உள்ள போச்சு, ஒரு டிக்கியத் தொறக்கல. குண்டு வைக்கிறவன் பீடிக்காரப் பொம்பளை பையிலதான் கொண்டு வருவானா?

ஒவ்வொரு குண்டுக்கும் ஜமாத்து கண்டன நோட்டீஸ் போடும். ஒட்டுறதே நான்தான், பசை வாளியத் தூக்கிட்டு. கண்டனம் மனசார உள்ளதுதான். இருந்தாலும், நாங்க சொன்னாத்தான் நம்புவாங்கன்னு ஒரு நெலம இருக்கு பாருங்க, அது கொஞ்சம் கசக்கும்.

பாளை வக்கீல்:
கார் விசயத்தில் பதில் சொல்ல எனக்கு வாயில்லை. 2015 நவம்பரில் சென்னை ஹைகோர்ட்டுக்கும் மதுரை கிளைக்கும் காவலுக்கு சி.ஐ.எஸ்.எஃப். என்கிற மத்தியப் பாதுகாப்புப் படை வந்ததே, எந்தத் தீவிரவாதிக்குப் பயந்து என்று நினைக்கிறீர்கள்? கோர்ட்டு ஹாலுக்குள் எங்கள் ஆட்களே உட்கார்ந்து செய்த போராட்டத்தால்.

2011 செப்டம்பர் 7 அன்று நான் டெல்லியில் இருந்தேன். சுப்ரீம் கோர்ட்டில் ஒரு மேல்முறையீடு, கூட அம்பாசமுத்திரம் கட்சிக்காரர். பாஸ் வாங்க வரிசையில் நிற்கும்போதே செய்தி வந்துவிட்டது. பக்கத்திலேயே இருக்கும் டெல்லி ஹைகோர்ட்டில், ஐந்தாம் நம்பர் வாசலில், பெட்டியில் குண்டு. அதுவும் பாஸ் வாங்குகிற வரிசைதான். புதன்கிழமை, பொதுநல வழக்கு எடுக்கிற நாள், கூட்டம் அதிகம். பத்துப் பேருக்கு மேல் போய்விட்டார்கள். நீதிபதிக்கு வேறு வாசல், வக்கீலுக்கு வேறு வாசல். பாஸுக்குக் காத்து நின்ற கட்சிக்காரன்தான் அங்கே அகப்பட்டான். மே 25ஆம் தேதி அதே கோர்ட்டு பார்க்கிங்கில் சின்னதாக ஒன்று வெடித்திருந்தது, யாருக்கும் அடியில்லை. அப்புறமும் அந்த வாசலில் அப்போது ஒரு கேமரா வைத்திருக்கவில்லை.

என் கட்சிக்காரர் வரிசையை விட்டு விலகி மரத்தடியில் நின்றுகொண்டார். "சார், வயக்காட்டு வரப்புக்காக இம்புட்டுத் தூரம் வந்து சாவணுமா, விட்டுக் குடுத்திருவமா?" என்றார். சமாதானம் பண்ணி உள்ளே கூட்டிப்போக ஒரு மணி நேரம் ஆனது.

ஊர் திரும்பினால் இங்கே ஒரு சங்கக் கூட்டத்தில், தீவிரவாத வழக்குகளில் யாரும் ஆஜராகக் கூடாது என்று தீர்மானம் போட ஆவேசம். நான் எழுந்து, முந்தின வருசம் டிசம்பரில்தான் ஏ.எஸ். முகமது ரஃபி வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு இந்த மாதிரித் தீர்மானமெல்லாம் செல்லாது என்று சொல்லியிருக்கிறது, அதுவும் நம்ம கோயம்புத்தூரிலிருந்து போன வழக்கு என்றேன். "நீரு எந்தப் பக்கம்வே?" என்று பின் வரிசையிலிருந்து குரல். உ.பி.யில் வக்கீல்கள் அப்படித்தான் ஆஜராக மாட்டோம் என்று நின்றார்கள். 2007 நவம்பர் 23 அன்று லக்னோ, பனாரஸ், பைசாபாத் மூன்று ஊர்க் கோர்ட்டுகளிலும் ஒரே நாளில் வெடித்தது. அதனால்தான் வெடித்தது என்று நான் காரணம் சொல்லவில்லை. கொலைகாரன் சொல்கிற காரணம் எனக்குத் தேவையும் இல்லை. ஆனால் வக்கீல் இல்லாமல் தண்டித்தால் அது மேல்கோர்ட்டில் ஒரு நாள் நிற்காது, தொழில் தெரிந்தவருக்கு இது போதும். தீர்மானத்தை டீ வந்ததும் ஒத்திவைத்தார்கள். இன்னும் ஒத்தித்தான் கிடக்கிறது.

கடையநல்லூர் சபுராளி:
துபாய்ல எங்க ரூம்ல ஒரு பங்களாதேஷ்காரர், ஜாலகாட்டி ஜில்லா. 2005 ஆகஸ்ட் 17ல அவங்க நாட்டுல 64 மாவட்டத்துல 63ல ஒரே நாள்ல குண்டு வெடிச்சுது. ஜே.எம்.பி.னு ஒரு கூட்டம். மனுசன் எழுதுன சட்டம் வேண்டாம், கோர்ட்டு வேண்டாம்னு நோட்டீசு. நவம்பர் 14ல அவர் ஊர்லயே ரெண்டு ஜட்ஜ குண்டு போட்டுக் கொன்னானுவ. ஒருத்தர் இந்து, ஒருத்தர் முஸ்லிம். நம்மாளு அஞ்சு நேரம் தொழுறவரு, அன்னைக்கு தொழுகப் பாயில உக்காந்து அழுத அழுகை இன்னும் காதுல கேக்கு. "என் காணி கேஸ் அந்தக் கோர்ட்டுலதான் பாய் கிடக்கு"ன்னார். 2007 மார்ச்சுல ஆறு பேரத் தூக்குல போட்டாங்க. அன்னைக்கு ரூம்ல அவர் அதப் பத்தி ஒண்ணும் பேசல, மீன் வாங்கிட்டு வந்து கொழம்பு வச்சார்.

வள்ளியூர்க்காரி:
இது தீவிரவாதத்துல சேராது, பழிக்குப் பழி. ஆனாலும் சொல்லணும். 2024 டிசம்பர் 20, திருநெல்வேலி கோர்ட்டு வாசல்லயே ஒருத்தர வெட்டிக் கொன்னாங்களே, அன்னைக்கு ஜீவனாம்சக் கேஸுக்கு நான் போயிருந்தேன். ஜெராக்ஸ் எடுத்துக்கிட்டிருக்கும்போது கடைக்காரர் சட்டுனு ஷட்டர இழுத்துட்டாரு. உள்ள நாங்க ஆறு பேரு, இருட்டு, மிசின் மட்டும் என் மனுவ பிரிண்டு போட்டுக்கிட்டே இருக்கு. அன்னைக்கே ஹைகோர்ட்டு தானா எடுத்து விசாரிச்சுது, அப்புறம் கோர்ட்டுகளுக்குத் துப்பாக்கிப் போலீசு வந்தாச்சு. என் வீட்டுக்காரர் பக்கத்து ஆளுங்க நாலு பேர் வாசல்ல நின்னு மொறைக்கது மட்டும் நிக்கல. அதச் சோதிக்க மிசின் கிடையாது.

செங்கோட்டையான்:
மேலப்பாளையம் தம்பி, அந்தக் கத்தரி கிடைச்சுதா?

மேலப்பாளையத்தான்:
இல்ல அண்ணாச்சி. புதுசு வாங்கிக் குடுத்தேன். கைக்கு வாகு வரலன்னு ஒரு மாசம் சொல்லிட்டே இருந்தாங்க. இப்பத்தான் துணி சுத்திருக்காங்க.