எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை, தாடை மூட்டு மட்டும் ஏன் வலிக்கிறது?

செல்வி, ரங்கூன்:
ஐந்து மாதமாக வலது காதுக்கு முன்னால் வலி. வாயைத் திறந்தால் 'டொக்' என்று சத்தம். லபெத்தோவில் (ஊறவைத்த தேயிலைக் கலவை) வரும் பொரித்த பயறைக் கடிக்க முடியவில்லை, மெத்தென்ற மொகிங்காவோடு (மீன்குழம்பு நூடுல்ஸ்) நிறுத்திக்கொண்டேன். தையல் வேலை செய்கிறேன். நூலைப் பல்லால் கடித்து அறுப்பது சின்ன வயதுப் பழக்கம். காது நன்றாக இருக்கிறதாம். எக்ஸ்ரேயில் எலும்பும் சரி. "மூட்டுக்குள் அழற்சி மூலக்கூறுகள் இருக்கும்" என்று பல் டாக்டர் சொன்னார், விளக்க அவருக்கு நேரமில்லை. எலும்பு சரியாக இருந்தால் வலி எங்கிருந்து வருகிறது? வேலைக்குப் பயந்து நடிக்கிறேன் என்று வீட்டில் நினைக்கிறார்கள்.

மரியம், மோல்மேன்:
தங்கச்சி, நீங்கள் நடிக்கவில்லை. 18 வருடமாகப் பல் கிளினிக்கில் வேலை பார்க்கிறேன், இதே கேள்வியோடு அழுதவர்கள் பலர்.

எக்ஸ்ரே எலும்பைத்தான் காட்டும். வலி பிறப்பது மூட்டை உள்ளே போர்த்தியிருக்கும் சவ்வில். மூட்டு வழுக்குவதற்கான நீரைச் சுரப்பதும் அதுதான். திரும்பத் திரும்ப அழுத்தம் விழுந்தால் அந்தச் சவ்வின் செல்கள் டி.என்.எஃப். ஆல்ஃபா, இன்டர்லூக்கின் 1 பீட்டா, இன்டர்லூக்கின் 6 போன்றவற்றை நீரில் கலக்கவிடும். டாக்டர் சொன்ன அழற்சி மூலக்கூறுகள், அதாவது வீக்கமும் வலியும் உண்டாக்கும் பொருள்கள், இவைதான். இவற்றின் தூண்டுதலால் புரோஸ்டாகிளாண்டின் இ2 என்ற இன்னொரு பொருள் உருவாகும். அது நரம்பு முனையைக் கூசவைத்துவிடும். அப்புறம் ஒரு கொட்டாவிகூட வலிதான். கூசிய நரம்பும் சும்மா இருக்காது. சப்ஸ்டன்ஸ் பி, சி.ஜி.ஆர்.பி. என்ற பொருள்களை மூட்டுக்குள் விட்டு, ரத்தக் குழாயை விரித்து, வீக்கத்தைக் கூட்டும். வீக்கம் மறுபடி நரம்பைச் சீண்டும். இது நீடித்தால் குருத்தெலும்பை அரிக்கும் நொதிகளும் பெருகும், அதனால் தள்ளிப்போட வேண்டாம்.

காது வலிபோலத் தோன்றுவதற்குக் காரணம், இந்த மூட்டுக்கும் காதின் முன்பக்கத்துக்கும் ஒரே நரம்புக் கிளை போவது.

இபுபுரோஃபன் என்ற வலி மாத்திரை புரோஸ்டாகிளாண்டின் உருவாவதைத் தடுக்கும். வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு இருந்தால் டாக்டரைக் கேட்காமல் தொடாதீர்கள். சத்தம் மட்டும் இருந்து வலி இல்லையென்றால் பெரும்பாலும் சிகிச்சை தேவைப்படாது. உங்களுக்கு வலி இருக்கிறது. முன்பற்களுக்கு நடுவே வாய் எவ்வளவு திறக்கிறது என்று அளந்து சொல்லுங்கள்.

காசிம், பெகு:
வெற்றிலை பாக்கு போடுவீர்களா அம்மா? நான் 30 வருடம் போட்டவன். வாய் திறக்கவில்லை என்று போனபோது டாக்டர் முதலில் கன்னத்தின் உள்பக்கம் வெளுத்து இறுகியிருக்கிறதா என்று தடவிப் பார்த்தார். பாக்கினால் வரும் அந்த இறுக்கம் வேறு நோய், புற்றுநோயாகவும் மாறலாம். எனக்கு அது இல்லை, மூட்டுதான். மருந்துக்கு அடங்காததால் இரண்டு ஊசி குத்தி உப்புநீரால் மூட்டைக் கழுவினார்கள். மரியம் அக்கா சொன்ன அந்தப் பொருள்களில் ஒரு பங்கு அந்த நீரோடு வெளியேறுமாம். மூன்றாம் வாரம் சோற்றை மென்றேன். பாக்கை அன்றே விட்டேன்.

செல்வி:
பாக்குப் பழக்கம் இல்லை ஐயா. தையல் டேப்பால் அளந்தேன் அக்கா, 33 மில்லிமீட்டர்.

மரியம்:
பெரியவர்களுக்கு 40க்கு மேல் இருக்க வேண்டும். இந்த வாரமே மறுபடி போய் அளவைச் சொல்லுங்கள். மெத்தென்ற சாப்பாடு, வெந்நீர் ஒத்தடம். நூலைக் கடிக்கவே கூடாது.

செல்வி:
வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன். ஒன்றும் பேசவில்லை. சாயங்காலம் பார்த்தால், சின்னக் கத்தரிக்கோல் ஒன்றை நாடாவில் கோத்து மெஷினில் கட்டி வைத்திருக்கிறார். வியாழக்கிழமை டாக்டரிடம் கூட வருகிறாராம்.