ஆறு வயது மகளுக்கு இனவெறி பற்றி எப்படிச் சொல்வது?

அமெரிக்காவில் பிள்ளை வளர்க்கும் பெற்றோரிடம் ஓர் உதவி.

நாங்கள் அட்லாண்டாவில் இருக்கிறோம். முதல் வகுப்பில் இருக்கும் என் மகள் ரூபி பிரிட்ஜஸ் கதையைக் கேட்டுவிட்டு வந்தாள். 1960 நவம்பரில், நியூ ஆர்லியன்ஸில், அதுவரை வெள்ளைப் பிள்ளைகள் மட்டுமே படித்த பள்ளிக்குள் காவலர்கள் சூழ நடந்துபோன ஆறு வயதுக் கறுப்பினச் சிறுமி. வெள்ளைப் பெற்றோர் பலர் எதிர்த்துத் தங்கள் பிள்ளைகளை நிறுத்திக்கொண்டதால், அந்த வருடம் முழுக்க வகுப்பில் அவள் ஒருத்திதான். மகள் வரைந்த படத்தில் ரூபியைச் சுற்றி எல்லாம் காலி நாற்காலிகள். "அந்தக் கெட்டவங்க எல்லாம் இப்போ போயிட்டாங்கதானே அம்மா?" என்றாள். எனக்குப் பதில் வரவில்லை.

சிக்கல் கெட்டவர்களோடு முடிவதில்லையே. டெரிக் பெல், கிம்பர்லி கிரென்ஷா போன்ற சட்ட அறிஞர்களின் விமர்சன இனக் கோட்பாடு சொல்வதும் அதுதான்: இனவெறி சட்டத்திலும் வழக்கத்திலும் ஊறிக் கிடக்கிறது. 1930களின் அரசு வரைபடங்களில் கறுப்பினத்தவர் வாழ்ந்த பகுதிகளுக்கு, கடன் கொடுப்பது ஆபத்து என்று சிவப்பு அடித்தார்கள். அங்கே வீட்டுக்கடன் குதிரைக்கொம்பு. 1968இல் சட்டம் அந்தப் பாகுபாட்டைத் தடை செய்தது. சரி, தாத்தா வாங்க முடியாத வீடு பேரனுக்கு எப்படி வரும்?

இதைச் சொல்லத் தாயக்கட்டையை எடுத்தேன். ஒரு பொம்மைக்கு மட்டும் பத்து சுற்று ஆட்டம் கிடையாது. அப்புறம் எல்லோருக்கும் ஒரே விதி. "அதோட காய் பின்னாடியே இருக்குமே!" என்று கத்தினாள். பிடித்துக்கொண்டாள்.

ஆனால் இரவு படுக்கும்போது, "நம்ம தோலும் பழுப்புதானே, நம்மையும் உட்கார வச்சிடுவாங்களா?" என்று கேட்டாள்.

பயமுறுத்தாமலும் பொய் சொல்லாமலும் இதற்கு நீங்கள் என்ன சொன்னீர்கள்? படப் புத்தகம், விளையாட்டு, பேசிய வார்த்தைகள், எதுவானாலும் எழுதுங்கள். நாளையும் கேட்பாள்.