அப்டேட்: 40%-லயே அணையிற என் போன்

போன மாசம் கேட்டிருந்தேன்ல, போன் 40% காட்டுறப்பவே பொசுக்குன்னு அணைஞ்சிடுதுன்னு, அதுக்குத்தான் இது. பேட்டரி மாத்தியாச்சு, பழசு லேசா உப்பியே போயிருந்துச்சு. யாங்கோன்ல கரண்ட் எப்ப வரும் எப்ப போகும்னு தெரியாதா, வந்தா ராத்திரி பூரா சொருகி தலகாணிக்கு அடியில வச்சுடுவேன், ஃபுல் சார்ஜும் சூடும் சேர்ந்தா லித்தியம் பேட்டரிக்கு சீக்கிரம் கிழடு தட்டிடும்னு நீங்க சொன்னது சரிதான்.

சுத்தமா தீர்ந்தப்புறம்தான் சார்ஜ் போடணும்னு எங்க மாமா இன்னும் சண்டை போடுறார், அது பழைய நிக்கல் காட்மியம் பேட்டரி காலத்துக் கதை மாமா!

இப்ப 80% லிமிட் வச்சு கொஞ்சம் கொஞ்சமா போட்டுக்குறேன், ரொம்ப நேரம் கட் ஆகும்னு தெரிஞ்சா மட்டும் 100, அப்பப்ப போட்டா ஒண்ணும் குடி முழுகிடாது. பவர்பேங்கையும் ஜன்னல் வெயில்லேர்ந்து எடுத்துட்டேன்.