லயனல் இசட்டபிள்யூ: ஷார்ட்டே இல்லை, பிரேக்கர் விழுது

வியாசை_ஓகேஜ்:
லயனல் இசட்டபிள்யூ (ZW), பொம்மை ரயிலுக்கான பழைய டிரான்ஸ்ஃபார்மர், 275 வாட். பிளேட்டில் 115 வோல்ட், 60 ஹெர்ட்ஸ்னு இருக்கு. 230க்கு 110 ஸ்டெப்-டவுன் போட்டு ஓட்டுறேன். ஒரு இன்ஜின், லைட் உள்ள ஆறு கோச். கிளாம்ப் மீட்டரில் 5 ஆம்ப்தான். ஆனா 15 நிமிஷத்தில் பிரேக்கர் விழுது, ஆறினதும் தானா சேருது. உள் பிரேக்கரைத் தூக்கிட்டு வீட்டு 16 ஆம்ப் எம்சிபி போடலாமா அண்ணா?

காயில்_கட்டுறவர்:
வேணாம்பா. சி டைப் எம்சிபி உடனே விழ 80 ஆம்பாவது வேணும். 40 ஆம்ப் போனா 1 விநாடியிலும் விழலாம், 60 விநாடியும் ஆகலாம். அதுக்குள்ள ஒயர் உருகிடும்.

முதல்ல வோல்டேஜைப் பாருங்க. 60 ஹெர்ட்ஸ் இரும்புக் கோரை நம்ம 50ல் ஓட்டினா 115 x 50 ÷ 60, அதாவது 96 வோல்ட்தான் தாங்கும். 110 கொடுத்தா கோர் காந்தத்தில் நிறைஞ்சு உறுமும், லோடு இல்லாமலே சுடும். பிரேக்கர் பைமெட்டல், அதாவது சூட்டில் வளையுற ரெண்டு உலோகத் தகடு; பெட்டி சுட்டா குறைஞ்ச கரன்ட்டிலேயே வளைஞ்சிடும், அதுவும் நம்ம மே மாசத்தில். காயில் கட்டுற கடையில் 230க்கு 95, 500 விஏ, தனித்தனி வைண்டிங்னு சொல்லிக் கட்டுங்க. ஒரே வைண்டிங் உள்ள ஆட்டோ டைப் வேணாம், நியூட்ரல் மாறினா இசட்டபிள்யூவின் பிரைமரிக்கே முழு 230 வந்துடும், உள்ளே இன்சுலேஷன் பழுதானா டிராக்கிலேயே ஷாக். அவுட்புட் 20லிருந்து 17 வோல்ட்டுக்கு இறங்கும். ரயிலுக்கு அது போதும்.

ராயபுரம்_ஜங்ஷன்:
பிரேக்கரையும் சந்தேகப்படணும். டிராக் ஒயரைக் கழட்டிட்டு, 12 வோல்ட் 55 வாட் கார் ஹெட்லைட் பல்பு ரெண்டை சீரிஸில் ஏ (டிராக் அவுட்புட்), யூ (பொது லைன்) முனைகளில் மாட்டுங்க. ஃபுல்லில் 4 ஆம்ப் இழுக்கும். பிளக்கைப் பிடுங்கி மூடியைத் திறந்து, பிரேக்கரின் ரெண்டு காலிலும் மீட்டரை முதலை கிளிப்பால் மாட்டின பிறகே ஆன் பண்ணுங்க. மெயின் கரன்ட் வர்ற பிரைமரி பக்கம் கை போகக் கூடாது. 0.1 வோல்ட்டுக்குக் கீழ இருந்தா காண்டாக்ட் நல்லது. 0.4 காட்டினா அந்த இடத்தில் மட்டும் 1.6 வாட் சூடு, அதுவே அதை விழ வைக்கும். உப்புத்தாள் தேய்க்காதீங்க, மேல்பூச்சு போய் இன்னும் சீக்கிரம் கருகும். மாத்திடுங்க.

வியாசை_ஓகேஜ்:
பார்த்தாச்சு, 0.52 வோல்ட். பல்பைக் கழட்டி அரை மணி நேரம் சும்மா விட்டாலும் பெட்டி தொட முடியாத சூடு.

காயில்_கட்டுறவர்:
அப்போ ரெண்டுமே கேஸ்தான். 95 வோல்ட்டிலும் லோடு இல்லாம அதே சூடு வந்தா வைண்டிங்கில் சுற்று ஷார்ட், ஓட்டாதீங்க.

ராயபுரம்_ஜங்ஷன்:
பிரேக்கர் மாத்தினாலும் ஒரு ஓட்டை இருக்கு. அது யூ பொது லைனில் மட்டும்தான் உட்கார்ந்திருக்கு. ஏ டிராக்கும் டி (இன்னொரு அவுட்புட்) டிராக்கும் சேர்ற இடத்தில் நடு ரயில் இன்சுலேஷன் இருந்தாலும், ரெண்டு வோல்டேஜும் வேற வேறயா இருந்தா, இன்ஜின் ரோலர் தாண்டும்போது ஏ-டி கரன்ட் பிரேக்கரைத் தொடாமலே சுத்தும். ஏ, டி ரெண்டிலும் தனித்தனியா 10 ஆம்ப் கார் பிளேடு ஃப்யூஸ் போடுங்க, ஹோல்டரோட ரிச்சி தெருவில் கிடைக்கும். புது எலக்ட்ரானிக் இன்ஜின் வெச்சிருந்தா ஏ-யூ நடுவில் 1.5கேஇ36சிஏ (திடீர்னு எகிறுற வோல்டேஜை அடக்குற டிவிஎஸ் டயோடு) ஒண்ணையும் சேர்த்துடுங்க.