லெகோ கட்டைகளால் பாய்மரப் போர்க்கப்பல்: அளவு விகிதம், உடல் வளைவு, ஏற்காட்டிலிருந்து சேலத்திற்குக் கொண்டுசெல்லும் வழி

மிளகுக்கொடி (ஏற்காடு):

அனைவருக்கும் வணக்கம். பாய்மரக் காலத்துப் போர்க்கப்பல் ஒன்றை லெகோ கட்டைகளால் கட்டுவதென்று நானும் எட்டாம் வகுப்பில் படிக்கும் என் மகளும் முடிவு செய்திருக்கிறோம். பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சனின் 'விக்டரி' கப்பலைப் பலர் கட்டிவிட்டார்கள். எங்கள் விருப்பம், 1817-இல் பம்பாயில் வாடியா குடும்பத்தாரின் தலைமையில் மலபார்த் தேக்கால் கட்டப்பட்ட 'டிரிங்கோமலி' என்னும் ஃபிரிகேட் வகைக் கப்பல். திருகோணமலையின் பெயரைத் தாங்கிய அந்தக் கப்பல் இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் நகரில் மிதந்துகொண்டிருக்கிறது என்பதே எங்களை ஈர்த்தது.

மேல்தளத்தில் லெகோ மனித பொம்மைகளை நிறுத்தும் அளவில் கட்ட வேண்டும் என்பது மகளின் ஆசை. அது இயலுமா? சதுரக் கட்டைகளைக் கொண்டு கப்பலின் வயிற்று வளைவை எப்படி வரவழைப்பது? கட்டி முடித்தபின் சேலத்தில் நடக்கும் பள்ளிக் கண்காட்சிக்கு இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து கொண்டுசெல்ல வேண்டியிருப்பதால், அதற்கேற்ற கட்டுமானத்தை இப்போதே திட்டமிட விரும்புகிறோம்.

ஐந்துரோடு கட்டுநர்:

நல்ல தேர்வு, ஐயா. இந்தக் கப்பலுக்கான வரைபடங்களை முதலில் ஏற்றிவந்த 'ஜாவா' என்ற போர்க்கப்பல் 1812-இல் அமெரிக்காவின் 'கான்ஸ்டிடியூஷ'னிடம் தோற்று அழிந்ததால், வரைபடங்களின் நகல்கள் மறுபடியும் அனுப்பப்பட்ட பிறகே பம்பாயில் வேலை தொடங்கியது. உங்கள் மகளுக்கு இதைச் சொல்லுங்கள்.

பொம்மையின் உயரம் ஏறத்தாழ 4 செ.மீ.; அதற்கு ஒத்த விகிதம் சுமார் 1:42. கப்பலின் பீரங்கித் தளம் ஏறத்தாழ 150 அடி நீளம் என்பதால், மாதிரியின் உடல் மட்டுமே ஒரு மீட்டரைத் தாண்டிவிடும். நீளம் இரு மடங்கானால் வெளிச்சுவரின் பரப்பு நான்கு மடங்காகும். கட்டைகளுக்கான செலவும் அதே வீதத்தில் ஏறும். ஆகவே பொம்மைகளை விட்டுவிட்டு 1:96 விகிதத்தை எடுத்துக்கொள்ளுமாறு அழுத்தமாகப் பரிந்துரைக்கிறேன்.

காரணம் செலவு மட்டுமன்று. லெகோவின் மெல்லிய தகடு 3.2 மி.மீ. உயரமுடையது, 1:96 விகிதத்தில் ஓர் அடியும் ஏறத்தாழ அதே அளவுதான். எனவே உண்மைக் கப்பலின் ஒவ்வோர் அடி உயரத்திற்கும் ஒரு தகடு, ஒவ்வொரு மூன்றடிக்கும் ஒரு முழுக் கட்டை என்று கணக்கு நேராக அமைந்துவிடுகிறது. கட்டையின் மேலுள்ள ஒரு குமிழுக்கும் அடுத்த குமிழுக்கும் இடைவெளி 8 மி.மீ., அதாவது உண்மைக் கப்பலில் இரண்டரை அடி. நீளம் 60 குமிழ்கள், சுமார் 40 அடி அகலத்திற்கு 16 குமிழ்கள். பீரங்கித் தளத்தில் பக்கத்திற்குப் பதினான்கு வாயில்கள். ஒரு குமிழ் அகலத் திறப்பும் மூன்று குமிழ் இடைவெளியுமாக அடுக்கினால் 53 குமிழ்களில் முடிந்துவிடும். மிஞ்சுவது ஏழே குமிழ்கள் என்பதால், முதல் வாயிலை முகப்பு வளைவிலேயே வைக்க நேரும்.

வளைவைப் பொறுத்தவரை, கப்பல் வரைபடத்தில் உடலைக் கிடைமட்டமாக வெட்டிக் காட்டும் கோடுகள் இருக்கும். அவற்றை மூன்றடி உயர இடைவெளியில் எடுத்து, ஒவ்வொன்றையும் ஓர் அடுக்காகக் கட்டுங்கள். அடுக்குகளுக்கிடையே படிக்கட்டு போல் துருத்துவதைக் குறைக்க, நடுவில் ஒரே குமிழ் உள்ள தகடுகளைப் பயன்படுத்தினால் நகர்வு 8 மி.மீ.க்குப் பதில் 4 மி.மீ. ஆகிவிடும். நடுப்பகுதிச் சுவருக்கு வேறு வழி உண்டு: ஐந்து தகடுகளின் உயரமும் இரண்டு குமிழ்களின் அகலமும் சரியாக 16 மி.மீ. என்பதால், தகடுகளைப் பக்கவாட்டில் திருப்பிப் பொருத்தி வழுவழுப்பான பரப்பைப் பெறலாம். மேலே போகப்போக உட்புறம் சாயும் சுவரைக் கீல் துண்டுகளில் தனிப் பலகையாகத் தொங்கவிடுங்கள். இந்த உட்சாய்வை விட்டுவிட்டால் போர்க்கப்பல் சரக்குப் படகாகத் தோன்றும். தயவுசெய்து இதில் மட்டும் சமரசம் வேண்டாம்.

அம்மாபேட்டை நூல்:

பாய்களுக்கு லெகோவின் பிளாஸ்டிக் பாய்கள் பொருந்தா. மெல்லிய மல் துணியை வாங்கி, இழை பாயின் கீழ் விளிம்புக்கு இணையாக ஓடும்படி வெட்டுங்கள். நம் ஊர் ஜவ்வரிசியைக் காய்ச்சிய கஞ்சியில் தோய்த்து, காற்றில் உப்பிய வடிவத்தில் ஒரு கிண்ணத்தின் மேல் காயவைத்தால் அந்த வளைவு அப்படியே நின்றுவிடும். விளிம்புகளை மடித்துத் தைக்க வேண்டாம். இந்தச் சிறிய விகிதத்தில் தையல் கயிறுபோல் தடித்துத் தெரியும். கயிறுகளுக்குப் பருத்தி நூலைவிட பாலியெஸ்டர் நூலே மேல். பருத்தி ஈரத்தில் இறுகி, காய்ந்ததும் தளரும். மலையில் மூடுபனி வந்துபோகும் ஒவ்வொரு முறையும் பாய்மரங்களை இழுத்துக்கொண்டேயிருக்கும்.

நாகலூர் வாசி:

நூலைப் பற்றி மேலே சொன்னது முற்றிலும் சரி. கஞ்சியை மட்டும் மறுக்கிறேன். சேலத்து வெயிலில் அது நிற்கும். ஏற்காட்டு மழைக்காலத்தில் மாவுப்பொருள் தளர்ந்து பூஞ்சை பிடிக்கும், இராமபாணப் பூச்சியும் தேடி வரும். தண்ணீர் கலந்த வெள்ளைப் பசையைத் தடவுங்கள். அல்லது பாய்களைச் சுருட்டி, அவற்றைத் தாங்கும் குறுக்குக் கழிகளான பருமல்களோடு கட்டிவிடுங்கள். துறைமுகத்தில் நிற்கும் கப்பலுக்கு அதுவே இயல்பு, உடலின் அழகும் மறையாது.

பயணத்திற்கு: உடலை மூன்று துண்டுகளாகக் கட்டி, துளைகளில் செருகும் லெகோவின் 'டெக்னிக்' ஊசிகளால் இணையுங்கள். இரு பக்கமும் இணையாக ஓடும் நடுப்பகுதியில் இணைப்புகள் வந்தால் கோடு கண்ணுக்குத் தெரியாது. ஒவ்வொரு பாய்மரத்தையும் அதன் பக்கக் கயிறுகளோடு சேர்த்து ஒரே தொகுதியாகக் கழற்ற முடிய வேண்டும். அதற்குக் கயிறுகளின் அடிமுனைகளை உடலில் கட்டாமல், உடலோடு கவ்விக்கொள்ளும் ஒரு நீளத் தகட்டில் கட்டுங்கள். மரங்களைப் படுக்கவைத்துத் தனிப் பெட்டியிலும், உடலைப் பழைய சேலைகள் அடைத்த பெட்டியிலும் கொண்டுசெல்லலாம். பசை போட்டு ஒட்ட எண்ணாதீர்கள். மலைப்பாதை வளைவில் ஒரு கட்டை விலகினால் திரும்ப அழுத்தினால் போதும், ஒட்டியது உடைந்தால் சீராக்க வழியில்லை.

மிளகுக்கொடி (ஏற்காடு):

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ஓர் அடிக்கு ஒரு தகடு என்றதும் மகள் பொம்மைகளை மறந்து, அளவுகோலோடு உட்கார்ந்துவிட்டாள். 1:96 என்றே உறுதி செய்கிறோம். பாய்களைச் சுருட்டியே கட்டுவோம். கருப்பு உடலின் நடுவே ஓடும் வெள்ளைப் பட்டைக்கு மட்டும் ஓர் ஐயம்: வெயில் பட்டால் வெள்ளைக் கட்டைகள் மஞ்சளாகும் என்கிறார்களே?

ஐந்துரோடு கட்டுநர்:

ஆகும், ஐயா. சன்னலோர வெளிச்சத்திலும் நாளடைவில் பழுக்கும். பட்டைக்கான தகடுகளைப் பக்கவாட்டில் பொருத்துவதால், பின்னாளில் அவற்றை மட்டும் கழற்றி மாற்றலாம். அதே அளவுள்ள வெள்ளைத் தகடுகளைக் கொஞ்சம் கூடுதலாக வாங்கி இருட்டான டப்பாவில் வைத்துக்கொள்ளுங்கள். நடுத்துண்டு முடிந்ததும் படம் இடுங்கள். உட்சாய்வு சரியாக வந்திருக்கிறதா என்று முகப்பு கட்டுவதற்கு முன்பே பார்த்துவிடலாம்.