பழைய ஹெட்போனுக்கு அம்ப் வேணுமோ, அடப்டரே காணுமோ?

திருநெல்வேலிப் பெடியன்

வணக்கம். ரொறன்ரோவில இருக்கிற பெரியப்பா வீடு மாறேக்க தன்ர பழைய ஹெட்போன் ரெண்டை எனக்கு அனுப்பிவிட்டவர். ஒண்டு கொஸ் போர்ட்டா ப்ரோ. மற்றது ஏகேஜி கே240 மொனிற்றர், 600 ஓம் (மின்தடை அளவு) எண்டு எழுதிக் கிடக்கு, மொத்தப் பிளக். என்ர அன்ட்ரொயிட் போனில ஹெட்போன் ஓட்டை இல்லை. ரவுணில ஒரு சின்ன அடப்டர் வேண்டினன். அதில போர்ட்டா ப்ரோவுக்குச் சத்தம் காணும், ஆனா தகரத்தில தட்டின மாதிரிக் கேக்குது. ஏகேஜி முழுச் சத்தம் வைச்சாலும் எழும்புதில்லை. லப்டொப்பில குத்தினா ஒரே இரைச்சல். நான் கேக்கிறது கூடுதலா நாதஸ்வரம், தவில், கசற்றில இருந்து மாத்தின பழைய பதிவுகள். கையில 15,000 ரூபா இருக்கு. அம்ப் (சத்தத்தைப் பெருக்கிற பெட்டி) ஒண்டு வேண்டட்டோ?

அளவெட்டிச் செற்காரன்

தம்பி, வேண்டும். ஹெட்போனை வைச்சுக்கொண்டு அம்ப் இல்லாமல் இருக்கிறதில பலன் இல்லை. என்னட்டை 80களில வந்த யப்பான் ஸ்டீரியோ செற் ஒண்டு இப்பவும் ஓடுது. தட்சணாமூர்த்தியின்ர தவில் பதிவை முதல் போனில கேளும், பிறகு அந்தச் செற்றின்ர ஹெட்போன் ஓட்டையில கேளும். தொப்பியில, அதுதான் தவிலின்ர கனச் சத்தப் பக்கத்தில, கழி விழேக்க அந்தப் பாரம் நெஞ்சில தெரியும். போனில வாறது மற்றப் பக்கமான வலந்தலையின்ர சத்தம் மட்டும்தான். உந்தப் பெருவிரல் அளவு அடப்டருக்குள்ள என்னத்தை வைச்சிருக்கப் போறாங்கள்?

ஈயப்பற்று

போர்ட்டா ப்ரோவுக்கு அம்ப் வேண்டாம் தம்பி. கணக்கைப் பாப்பம்.

அப்பிளின்ர யூஎஸ்பி-சி அடப்டர், அமெரிக்கா கனடாவில விக்கிறது, ஏறக்குறைய 1 வோல்ற் குடுக்கும். போர்ட்டா ப்ரோ 60 ஓம். அப்ப 17 மில்லிவாட் வருது. கொஸ்ஸின்ர கணக்கில 1 மில்லிவாட்டுக்கே 101 டெசிபல். 17 எண்டா 113. உலக சுகாதார நிறுவனம் கிழமைக்கு 40 மணித்தியாலம் கேக்கிறதுக்கு 80 டெசிபலைத்தான் எல்லையா வைச்சிருக்கு. 113க்கு மேல அம்ப் உமக்கு என்னத்தைத் தரப்போகுது?

அந்த அடப்டரை ஆரிட்டையும் சொல்லி எடுப்பிக்கிறதெண்டா ரெண்டு விசயம் கவனியும். பிரான்ஸ், ஜேர்மனியில விக்கிற அப்பிள் அடப்டர் அரை வோல்ற்தான் குடுக்கும். மற்றது, கன அன்ட்ரொயிட் போனில போன் சத்தத்தை முழுக்க ஏத்தினாலும் அடப்டருக்குள்ள இருக்கிற சத்தம் பாதியில நிக்கும். அன்ட்ரொயிட்டுக்கெண்டு செய்த வேற அடப்டர் பாக்கிறது நல்லம். ஆனா உள்ளுக்கு டிஏசி சிப் (போனின்ர டிஜிற்றல் சிக்னலை ஒலி சிக்னலா மாத்திறது) இருக்கோ எண்டு கேட்டு வேண்டும். சிப் இல்லாமல் வெறும் வயர் மட்டும் உள்ளதும் அதே உருவத்தில கடையில தொங்குது. அது கன போனில வேலையே செய்யாது.

தகரச் சத்தத்துக்கு முதல்ல நுரைப்பஞ்சைக் கழட்டிப் பாரும். பழசெண்டா தட்டையா நசிஞ்சு, விரலால தொட்டா மாப்போல கொட்டும். பஞ்சு போனா ட்ரைவர் (உள்ளுக்கு இருக்கிற சின்ன ஸ்பீக்கர்) காதுக்குக் கிட்ட வந்து ஒரு பக்கம் சரிஞ்சு நிக்கும். சத்தத்தின்ர குணமே மாறிப்போடும். புதுப் பஞ்சு போட ஆகிற காசு அம்ப் காசில ஒரு துண்டு. பிளக்கையும் பாரும். எங்கட உப்புக்காத்துக்கு அதில கறுப்புப் படியும். ஐசோப்ரோப்பைல் அல்ககோலில துணியை நனைச்சுத் துடையும். குத்தினபடி பிளக்கை மெதுவாத் திருப்பேக்க ஒரு பக்கம் விட்டுவிட்டுக் கேட்டா அழுக்கு, இல்லாட்டி பிளக்கடியில வயர் அறுந்திருக்கு. ஈயம் வைச்சா முடிஞ்சுது.

குருநகர்க் காத்து

உதுக்கெல்லாம் ஏன் மினக்கெடுறியள்? 2022 இல டொலர் 200இல இருந்து 360க்குப் போனதோட அம்ப் விலை எங்கயோ போட்டுது. 15,000க்கு நல்ல சீன இயர்போன் ஒண்டு வேண்டி, ஒரு டிஏசி அடப்டரும் வேண்டி, மிச்சக் காசும் கையில நிக்கும். 16 ஓம், 32 ஓம் எண்டபடியா எந்தப் போனும் இழுக்கும். பழசைத் தூக்கி அலுமாரியில வையும் தம்பி.

நல்லூர் வாசகி

சித்திரை வெயிலில காதுக்குள்ள ரப்பரை அடைச்சுக்கொண்டு ஒரு மணித்தியாலம் இருந்து பாருங்கோ அண்ணை. வேர்வை, கடி, பிறகு காதுக்குத்து. போர்ட்டா ப்ரோ திறந்த ஹெட்போன். படலையில ஆள் கூப்பிட்டாலும் கேக்கும், காதுக்குக் காத்தும் படும். 1984 இல வந்த மொடலை இண்டைக்கும் செய்து விக்கினமெண்டா சும்மா இல்லை.

தம்பி, நீங்கள் காசு செலவழிக்க முதல் வேவ்லெற் எண்ட செயலியைப் போனில போடுங்கோ. கன ஹெட்போன் மொடல்களுக்கு அளந்து வைச்ச திருத்தம் அதுக்குள்ளயே இருக்கு. பேரைத் தேடித் தெரிவு செய்தாச் சரி. விண்டோஸ் லப்டொப் எண்டா ஈக்குவலைசர் ஏபிஓ. ரெண்டும் இலவசமாவே எடுக்கலாம். அம்ப் எல்லாத்தையும் ஒரே அளவில பெரிசாக்கும். எது குறைவு, எது கூட எண்டு பாத்துத் திருத்துறது ஈக்குவலைசர், சுருக்கமா ஈக்யூதான்.

அளவெட்டிச் செற்காரன்

ஈக்யூவை நான் ஏற்கமாட்டன் பிள்ளை. என்.கே. பத்மநாதன் நாதஸ்வரத்தில ஊதினதை ஊதின மாதிரிக் கேக்கவேணும். நாங்கள் இருந்து கொஞ்சம் கூட்டி, கொஞ்சம் குறைச்சு எண்டு அவற்ற சீவாளி (வாயில வைச்சு ஊதிற நாக்கு) சத்தத்தை மாத்திறது சரியில்லை.

ஈயப்பற்று, உங்கட கணக்குக்கு ஒரு பதில். சத்தம் காணும் எண்டதும் நல்லாக் கேக்குது எண்டதும் ஒண்டில்லை. என்ர செற்றில குறைஞ்ச சத்தத்திலயும் அந்தப் பாரம் இருக்கு. காது சொல்லுறதைக் கணக்கு மறுக்கேலாது.

நல்லூர் வாசகி

ஊதின மாதிரி எண்டுறியள், ஆனா அது கசற்றுக்கு வரேக்கயே மாறிப்போச்சுதே ஐயா. கொப்பியில இருந்து கொப்பி அடிச்ச கசற். ரெக்கோடரின்ர ஹெட் கொஞ்சம் சரிஞ்சிருந்தாலே மேற்சத்தம் அப்பவே போயிருக்கும். சீவாளியின்ர கூர்மையைத் திரும்பக் கொஞ்சம் வெளியில கொண்டாறதுக்குத்தான் நான் ஈக்யூ போடுறன். அது அவருக்குச் செய்யிற மரியாதை எண்டுதான் நினைக்கிறன்.

ஈயப்பற்று

அண்ணை, உங்கட காதை நான் மறுக்கேல்லை. நீங்கள் கேக்கிற பாரம் உண்மையாவே அங்க இருக்கு. எங்கயிருந்து வருது எண்டதைச் சொல்லுறன். அந்தக் காலத்துச் செற்றுகள் கனக்கவில ஹெட்போனுக்கெண்டு தனி அம்ப் இல்லை. ஸ்பீக்கருக்குப் போற லைனில சில நூறு ஓம் ரெசிஸ்ரர் ஒண்டைத் தொடுத்து ஓட்டைக்கு விட்டிருப்பினம். ஐஈசி 61938 எண்ட சர்வதேசத் தரமே 1996 இல ஹெட்போன் ஓட்டைக்கு 120 ஓம் எண்டுதான் சொன்னது.

120 ஓமை எடுப்பம். அதில 32 ஓம் ஹெட்போனைக் குத்தினா வோல்ற்றில 21 வீதம்தான் ஹெட்போனுக்கு வரும். ஆனா கன ஹெட்போனில பாஸ் (கீழ்ச் சத்தம்) பக்கம் ஓம் ஏறும். ஓரிடத்தில 64 ஆனா, அந்த இடத்தில 35 வீதம் வரும். 4 டெசிபலுக்கு மேல பாஸ் தானாப் பொங்குது. தொப்பிச் சத்தம் பெருக்கிறது இதாலதான், அதோட அடுத்தடுத்து விழுற அடியள் ஒண்டோடொண்டு கலங்கிறதும் இதாலதான். நீங்கள் ஈக்யூ வேண்டாமெண்டுறியள். அந்த ரெசிஸ்ரர் செய்யிறதும் ஈக்யூ வேலைதான், அளவை நீங்கள் தெரிவு செய்யேல்லை, அவ்வளவுதான்.

அளவெட்டிச் செற்காரன்

சரி, அப்ப உங்கட கணக்கையே எடுப்பம். 600 ஓம் ஏகேஜிக்கு அந்த ரெசிஸ்ரர் என்ன செய்யும்?

ஈயப்பற்று

பெரிசா ஒண்டும் செய்யாது. 330 ஓம் தொடுத்திருந்தாலும் மூண்டில ரெண்டு பங்கு வோல்ற் ஹெட்போனுக்கு வரும். 20 வாட் செற் எண்டா 8 ஓம் ஸ்பீக்கருக்கு 12 வோல்ற்றுக்கு மேல குடுக்கும். அதில 8 வோல்ற் ஏகேஜிக்குக் கிடைக்கும். அடப்டரின்ர 1 வோல்ற்றில ஏகேஜிக்கு வாறது 2 மில்லிவாட்டும் இல்லை. அதுதான் எழும்பாமல் கிடக்கு. ஏகேஜிக்குச் செற் சரி அண்ணை, அதில எனக்கு மறுப்பே இல்லை. போர்ட்டா ப்ரோவுக்கு நான் விடமாட்டன்.

அளவெட்டிச் செற்காரன்

அதைத்தான் முதலே சொன்னனான். யாழ்ப்பாணத்தில கரண்ட் இல்லாத 90களில சைக்கிளைக் கவிட்டு வைச்சு, பெடலைச் சுத்தி, 3 வாட் டைனமோவில ரேடியோ கேட்ட சனம் நாங்கள். குறைஞ்ச கரண்ட்டில என்ன கேக்கலாம் எண்டு எங்களுக்கு ஆரும் சொல்லித் தரத் தேவையில்லை. ஆனா எழும்பாததை எழுப்ப அம்ப்தான் வேணும். தம்பி, ஏகேஜியைக் கொண்டு வீட்டை வாரும், கேட்டுப் பாத்து முடிவெடும். போர்ட்டா ப்ரோவையும் கொண்டுவாரும், அதிலயும் எனக்குச் செற்தான் நல்லாக் கேக்கும்.

ஈயப்பற்று

போறதெண்டா ஒரு மல்ரிமீற்றரும் கொண்டுபோம். போனையும் செற்றையும் ஒரே சத்தத்தில வைக்காமல் ஒப்பிட்டா, கூடச் சத்தம் உள்ளதுதான் எப்பவும் நல்லாக் கேக்கும். 200 ஹேர்ட்ஸ் ரோன் (ஒரே சுருதிச் சத்தம்) ஒண்டைப் போட்டு, ஹெட்போன் பிளக்கில ஏசி வோல்ற் அளந்து, ரெண்டையும் ஒண்டாக்கிப்போட்டுக் கேளும். மலிவு மீற்றர் 400 ஹேர்ட்ஸுக்கு மேல சரியாக் காட்டாது, ஆனபடியா 1000 ஹேர்ட்ஸ் ரோனை விடும்.

திருநெல்வேலிப் பெடியன்

நுரைப்பஞ்சு கழட்டேக்கயே கையில தூளாக் கொட்டிச்சுது. புதுசுக்குச் சொல்லியிருக்கிறன். வேவ்லெற் போட்டிருக்கிறன். ஏகேஜியோட சனிக்கிழமை அளவெட்டிக்கு வாறன் ஐயா. லப்டொப் இரைச்சலுக்கு என்ன செய்யிறது?

ஈயப்பற்று

சார்ஜரைக் கழட்டிப்போட்டுக் கேளும். இரைச்சல் நிண்டா அது சார்ஜராலயும் எர்த்தாலயும் வாறது. அம்ப் வேண்டினா இரைச்சலையும் சேத்துத்தான் பெருக்கும். பற்றரியில கேளும், இல்லாட்டி எர்த் ஒழுங்கா உள்ள மூண்டு பின் பிளக்கில குத்திப் பாரும். சார்ஜர் இல்லாமலும் இரைஞ்சா லப்டொப்புக்குள்ள இருக்கிற சவுண்ட் கார்ட்டின்ர குணம். டிஏசி அடப்டரை யூஎஸ்பியில குத்தினாப் போயிடும்.

அளவெட்டியில ஏகேஜியைக் குத்த முதல் செற்றின்ர சத்தத்தைச் சுழியத்துக்குக் கொண்டுவாரும். ஹெட்போன் காதில இல்லாமல் குத்திப்போட்டு, மெதுமெதுவா ஏத்தும்.